பொய் சொல்லத் தெரியாத சயன்ஸ் டீச்சர்

பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து எல்லை தாண்டிக் கேரளத்திலிருக்கும் எங்கள் மீனாட்சிபுரத்துக்கு வரும் பஸ்ஸில் அந்தக் காலத்தில் அரிசி இல்லாத பெண்பிள்ளை கிடையாது. தமிழ்நாட்டு அரிசி எல்லை தாண்டக் கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டத்துக்கு வயிறு இல்லை, எங்களுக்கு இருந்தது. அதனால் பைக்குள் புடவைக்கு அடியில் இரண்டு படி, காய்கறிக்கு அடியில் இரண்டு படி என்று ஒளித்து வைத்திருப்போம். செக்போஸ்ட்காரர் ஏறி, "அரிசி உண்டோ?" என்று கேட்பார். மொத்தப் பஸ்ஸும் "இல்லீங்க" என்று ஒரே குரலில் சொல்லும். அவரும் தலையாட்டிவிட்டு இறங்கிப் போவார். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இரண்டு தரப்புக்கும் மரியாதையான ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் மண்ணை அள்ளிப் போட்டவள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த சயன்ஸ் டீச்சர். வேலையில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். செக்போஸ்ட்காரர் எல்லோரையும் போல அவளையும் பார்த்துக் கேட்டார்.

"இருக்குதுங்க. நாலு படி," என்றாள்.

பாவம், மனுஷன் அப்படி ஒரு பதிலைத் தன் சர்வீஸில் கேட்டிருக்க மாட்டார். என்ன செய்வதென்று தெரியாமல், பேச்சை மாற்றுகிறவர் மாதிரி என் பையைக் காட்டி, "இவங்ககிட்ட?" என்றார்.

"ஆறு படிங்க. ஒரே கடையிலதான் வாங்குனோம்."

அவளுடைய நாலு படி போயிற்று, என்னுடைய ஆறு படி போயிற்று. ஆரம்பித்தாகிவிட்டதே என்று அவர் பஸ் முழுவதையும் சோதித்தார். அன்று எங்கள் ஊரில் பாதி வீட்டில் ராகிக் களி. என் மாமியார் களி உருண்டையைப் பிட்டுக்கொண்டே அவளுடைய குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "ஏம்மிணி, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலீங்க்கா. அவரு கேட்டாருங்களே," என்றாள்.

அவ்வளவுதான் அவளுடைய தத்துவம். கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள், வம்பு பேச மாட்டாள், கோள் மூட்ட மாட்டாள். அந்த வகையில் தங்கமான பிள்ளை. ஆனால் உலகம் முழுக்கக் கேள்வியாக இருக்கிறதே, என்ன செய்வது?

நான் அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பொய்யில் கைதேர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. மாமியாரோடு ஒரே அடுப்பில் உண்மையை மட்டும் பேசிக் குடித்தனம் நடத்தியவள் ஒருத்தி இருந்தால் காட்டுங்கள், அவள் காலில் விழுகிறேன்.

சயன்ஸ் டீச்சர் ஒல்லியாக, உயரமாக இருப்பாள். கையில் ஆம்பளைக் கடிகாரம். பதில் சொல்வதற்கு முன் கண்ணைப் பாதி மூடிக் கொஞ்சம் யோசிப்பாள். யோசிக்கிறாளே, நல்ல பொய்யாகத்தான் தேடுகிறாள் என்று ஒவ்வொரு தடவையும் நம்புவோம். ஒருமுறை புதுப் புடவை கட்டிக்கொண்டு போய், "எப்படி இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். யோசித்தாள். "பொடவை நல்லா இருக்குதுங்க்கா. உங்களுக்குத்தான் நல்லா இல்லீங்க," என்றாள். அந்தப் புடவையை அதற்குப் பிறகு நான் கட்டவில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் அதில் மிகவும் எரிச்சலான விஷயம்.

வகுப்பில் பிள்ளைகள் ஏதாவது கேட்டு, அது அவளுக்குத் தெரியாமல் இருந்தால், "தெரியாது. பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்," என்பாள். ஹெட்மாஸ்டர் பதறிப்போய்விட்டார். "டீச்சர், வாத்தியாருன்னா தெரியாதுன்னு சொல்லப்படாதுங்க. பாடத்துல இல்லைன்னு சொல்லோணும்," என்று பயிற்சி கொடுத்துப் பார்த்தார். முப்பது வருஷம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அவர் ஹெட்மாஸ்டராகியிருந்தார்.

அந்த ஹெட்மாஸ்டருக்கும் அவள் ஒரு ஜூன் மாதத்தில் தன் கைவரிசையைக் காட்டினாள். பள்ளி திறந்ததும் அதிகாரி வந்து பிள்ளைகளின் தலையை எண்ணிவிட்டுப் போவார். தலை குறைந்தால் ஒரு டிவிஷன், அதாவது வகுப்பில் ஒரு பிரிவு, போகும், டிவிஷன் போனால் ஒரு டீச்சரின் வேலை போகும். ஆகவே அந்த ஒரு நாளைக்கு மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பதினொரு பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைப்பது எங்கள் வழக்கம். ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்தால் போதும், பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அசையாமல் உட்காரும்.

அதிகாரி எண்ணி முடித்தார். எல்லாம் சரியாக இருந்தது. போகிற போக்கில் அவளிடம் மலையாளத்தில், "குட்டிகள் எல்லாரும் இவிடத்தவர்தானே?" என்றார். அது கேள்வியே அல்ல, விடைபெறும் மரியாதை. அவள் யோசித்தாள்.

"பதினொரு பேரு இல்லீங்க," என்றாள்.

டிவிஷன் போயிற்று. சயன்ஸுக்கு அவள் ஒருத்திதான் என்பதால் அவள் தப்பினாள்; தமிழில் சீனியாரிட்டியில் கடைசியாக இருந்த டீச்சரின் வேலை போயிற்று. அந்தக் கடைசி டீச்சர் நான்தான்.

ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தேன். என் மாமியாருக்கு அந்த வருஷம் பேச விஷயம் பஞ்சமில்லாமல் போயிற்று. சயன்ஸ் டீச்சர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவாள். முதல் ஞாயிறு வந்து வாசலில் நின்று, "உங்க வேலை போனது என்னாலதானுங்க்கா," என்றாள். சரி, மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள், பெரிய மனசு பண்ணலாம் என்று முகத்தை ஏற்பாடு செய்துகொண்டேன். "ஆனா மறுபடி கேட்டாலும் அதேதான் சொல்லுவனுங்க," என்று முடித்தாள். இதற்குப் பெயர் மன்னிப்பா? கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. அந்த ஒரு வருஷத்தில் மற்ற டீச்சர்கள் எல்லோரும் என்னைக் கண்டால் "சீக்கிரம் கெடச்சுரும்" என்று சொல்லிவிட்டு வேறு தெருவில் திரும்பிப் போனார்கள். ஞாயிறு தவறாமல் வந்து என்னோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்தவள் அவள் ஒருத்திதான். அடுத்த ஜூனில் நிஜமாகவே பிள்ளைகள் கூடி எனக்கு வேலை திரும்பக் கிடைத்தபோது, அவள்மேல் எனக்குக் கோபம் பாதியும் பிரியம் பாதியுமாக ஆகிவிட்டிருந்தது. இன்றுவரை அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

அவள் கதைக்குள் ஜப்பான் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கள்ளிலிருந்து வந்தது. அவள் அப்பா தன் தென்னந்தோப்பைக் கள்ளிறக்க விட்டிருந்தார். காலையில் சர்க்கரைத் தண்ணீராக இருப்பது மத்தியானம் கள்ளாகி, மறுநாள் காடியாகிவிடுகிறது. ஆனால் வடக்கு மூலையில் நாலு மரத்துக் கள் மட்டும் இரண்டு நாளானாலும் புளிக்கவில்லை. நாமாக இருந்தால் சந்தோஷப்பட்டுவிட்டுப் பேசாமல் இருப்போம். அவள் ஏன் என்று கேட்டாள். குடிக்காமல் அதைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எழுதிய முதல் பிறவி எங்கள் வட்டாரத்தில் அவளாகத்தான் இருக்கும். கோயமுத்தூரில் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. முடித்தவள், அங்கே லைப்ரரிக்குப் போய் நுரைத்தல், புளித்தல் பற்றிக் கட்டுரை எழுதியவர்களின் விலாசத்தை எல்லாம் குறித்துக்கொண்டு வந்து, உலகத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கடிதம் போட்டாள். சிலர் பதில் எழுதவில்லை. சிலர் தங்கள் புத்தகத்தை வாங்கிப் படிக்கச் சொன்னார்கள்.

ஜப்பானில் ஒரு பேராசிரியர் மட்டும் நாலு வரி எழுதியிருந்தார். அவள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வகுப்புக்கே ஓடி வந்தாள். அவள் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்ன எழுதியிருக்கார்?"

"தெரியாதுன்னு எழுதியிருக்கறாருங்க்கா! நல்ல கேள்வி, எனக்கும் பதில் தெரியாதுன்னு! இத்தன பெரிய ஆளு!"

இனம் இனத்தோடு சேர்ந்துவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியது. அடுத்த கடிதத்தில் அவர், ஜப்பான் அரசாங்கமே வெளிநாட்டு மாணவர்களுக்கு இரண்டு வருஷம் படிக்க உதவித்தொகை கொடுக்கிறது, விண்ணப்பம் போடலாமே என்று எழுதினார். மதராஸிலுள்ள ஜப்பான் தூதரக ஆபீஸிலிருந்து விண்ணப்பப் படிவம் வந்தது. மூன்று பிரதி, ஒவ்வொன்றும் எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டைவிட நீளம்.

ஊருக்குச் செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? பால் சொசைட்டியில் ஒருவர் என்னிடமே கேட்டார், "ஏனுங் டீச்சர், கள்ளப் பத்திப் படிக்க ஜப்பானுக்கு எதுக்குங்க போகோணும்? நம்ம கள்ளுஷாப்புல உக்காந்தாப் பத்தாதுங்களா?" இன்னொருவர், ஜப்பான்காரன் அரிசியிலேயே சாராயம் காய்ச்சுவதாகவும், அதைக் கற்றுக்கொண்டு வந்தால் ஊருக்கு நல்லதுதானென்றும் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார்.

அந்தப் படிவத்தை அவள் நிரப்பியதைப் பார்த்திருக்க வேண்டும். நாம் அபேக்ஷை, அதாவது விண்ணப்பம், எழுதுகிறோம் என்றால் எப்படி எழுதுவோம்? பணிவன்புடன் ஆரம்பித்து, இல்லாததை எல்லாம் இருப்பதாகச் சொல்லி, கடைசியில் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" என்ற வரிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவோம். அவள் அந்தக் கடைசி வரியை முதலில் படித்துவிட்டாள். அங்கேயே வினை ஆரம்பித்தது.

பிறந்த தேதி என்று ஒரு கட்டம். எங்கள் ஊரில் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் என்ன போட்டாரோ அதுதான் பிறந்த தேதி. பாதி ஊர் ஒரே நாளில் பிறந்தது. அவள் எழுதினாள்: "பள்ளிச் சான்றிதழ்ப்படி இது. ஜாதகப்படி இது. எது சரியென்று எனக்கு நேரடியாகத் தெரியாது, பிறந்தபோது எனக்கு விவரம் போதாது." அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இத்தனையும் அடக்கினாள்.

ஜப்பானிய மொழி அறிவு என்ற இடத்தில், "ஒரு சொல்லும் தெரியாது." ஆங்கிலம் என்ற இடத்தில், "எழுதுவேன். பேச இங்கே ஆள் இல்லை." மலையாளத்தைக்கூட விடவில்லை: "வாசிப்பேன். பேசினால் சிரிக்கிறார்கள்."

ஜப்பானை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கு ஹெட்மாஸ்டர் வலிய வந்து யோசனை சொன்னார். "அவங்க ஊரு மலை, பூவு, அவங்க சுறுசுறுப்பு, எல்லாத்தையும் பத்தி ரெண்டு வரி தூக்கிப் போடுங்க டீச்சர். மனுசன் மயங்காம இருப்பானா?" அவள் யோசித்துவிட்டு எழுதினாள்: "பல நாட்டு அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினேன். தெரியாது என்று பதில் எழுதியவர் உங்கள் நாட்டில்தான் இருந்தார்." படிப்பு முடிந்தபின் உத்தேசம் என்ன? "தெரியாது. முடிந்தபின் சொல்கிறேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "அம்மிணி, இது அபேக்ஷையா, வாக்குமூலமா?"

வேலை பார்க்கும் இடத்தின் தலைவரிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று இருந்தது. ஹெட்மாஸ்டர் அந்தப் பதினொரு பிள்ளைகளை மறக்கவில்லை. இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்: "இவர் எந்தச் சூழ்நிலையிலும் உண்மையைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார். இதனால் இந்தப் பள்ளி ஒரு டிவிஷனை இழந்தது." அவர் அதைப் புகாராக எழுதினார். அதைவிட நல்ல சிபாரிசு உலகத்தில் யாருக்கும் கிடைத்திருக்காது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. உறையை என்னிடம் கொடுக்கும்போது, "எப்படியாவது கூட்டிட்டுப் போகட்டும். பூகம்பத்தையே தாங்கறவங்க, இந்தம்மாவத் தாங்கிக்க மாட்டாங்களா?" என்றார்.

எல்லாம் சேர்ந்தது. பாலக்காட்டில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, பக்கத்திலிருக்கும் சித்தூரில் நகல்களில் அதிகாரியின் கையெழுத்து வாங்கியாயிற்று. மிச்சம் ஒரே ஒரு இடம்: குடும்பத்தாரின் சம்மதம். அப்பா கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் படிவம் மதராஸ் போய்ச் சேர வேண்டும்.

அப்பா மோசமான ஆளில்லை. பெண்டாட்டி செத்தபின் இவளைத் தனியாக வளர்த்து எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தவர். அவருக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அவருடைய கையெழுத்து ஒன்றுதான். ஆனால் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள், அந்தத் தங்கைக்கு ஒரு மகன் இருந்தான், அவன் முறைமாப்பிள்ளை என்ற உத்தியோகத்தைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டுத்தரையில் மாடு கறந்துகொண்டே அப்பா சொன்னார், "ரெண்டு வருசத்துல வந்துருவேன்னு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. இப்பவே போட்டுர்றேன்."

"அது இப்பவே எப்படீங்கப்பா தெரியும்? வந்தாலும் வருவேன், வராமயும் இருப்பேன்."

"ஊருல கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"தெரியலீன்னு சொல்லுங்க."

பதினொரு நாள் இதே பேச்சு. காலையில் பால் கறக்கும்போது ஒருமுறை, பொழுதோட கறக்கும்போது ஒருமுறை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஜப்பான், சொல்லாவிட்டால் முறைமாப்பிள்ளை. அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். சோறு இறங்காமல் டிபன் டப்பாவை அப்படியே மூடிக்கொண்டு போவாள். ஆனால் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "நானே உங்கப்பா கையெழுத்தப் போட்டுர்றேன் அம்மிணி, கோழி கெளறுன மாதிரிதான இருக்கும்?" என்றேன். அவள் பார்த்த பார்வையில் நான் அந்த யோசனையை விழுங்கிவிட்டேன்.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் டியூஷன் எடுக்கிற நேரம் பார்த்துப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பாவிடம் போனேன். நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

"பெரீப்பா, அவ எங்கிட்டச் சொல்லீட்டாளுங்க. ரெண்டு வருசம் முடிஞ்ச ஒடனே வந்துருவாளாம். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லக் கூச்சப்படறா."

"நெசமாலுமா?"

"மாரியாத்தா மேல சத்தியமுங்க." மாரியாத்தாள் என் விஷயத்தில் பழகிப்போனவள்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். என் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அதைப் போல ஒரு நல்ல பொய் இல்லையென்று நினைத்துக்கொண்டு, காலரைத் தூக்கிவிடாத குறையாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் அவள் என் வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "நான் உங்ககிட்ட அப்படிச் சொன்னனுங்களா?"

"சொல்லலை. வாயை மூடிட்டுத் தபால்ல போடு. மூணு நாள்தான் இருக்குது."

அவள் திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். எங்கே போகிறாள் என்று தெரிந்து பின்னாலேயே ஓடினேன். என்ன ஓடி என்ன? நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டுத்தரையில் அப்பா முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, அக்கா சொன்னது நெசமில்லீங்க. நான் அப்படிச் சொல்லவேயில்ல. வருவனான்னு எனக்குத் தெரியாதுங்க. கையெழுத்த அடிச்சுருங்க."

அவர் மாட்டுக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தெரியும்," என்றார்.

"என்னங்க தெரியும்?"

"நீ சொல்லியிருக்க மாட்டேன்னு. பெத்தவனுக்குத் தெரியாதா? நாளைக்கு உங்கத்தை வந்து மல்லுக்கு நிப்பா. சொசைட்டியில நாலு பேரு கேப்பான். அவியளுக்குச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வேணும் கண்ணு. நீ தரமாட்டேங்கற. இந்தப் புள்ள தந்துச்சு, வாங்கிக்கிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனாலும் நீ மாரியாத்தாள இழுத்திருக்க வேண்டாம்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மாட்டைப் பார்த்தேன்.

"நீங்க ஊருல பொய் சொல்லுவீங்களாப்பா?"

"சொல்லுவேன். நீ சொல்ல வேண்டாம். பக்கத்துல சும்மா நில்லு, போதும்."

அவள் யோசித்தாள். "ஆராவது கேட்டா நான் உள்ளதச் சொல்லிருவனுங்க."

"அது தெரிஞ்ச கதைதான. ஆரும் உன்னையக் கேக்காம நான் பாத்துக்கறேன்."

அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் சத்தமில்லாமல், மாட்டுக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டு.

அப்பா உள்ளே போய், மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்து, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல மூன்று பிரதிகளின் நாலு மூலையிலும் தாராளமாக வைத்துவிட்டார். நான் பதறிப்போனேன். அழுக்கான படிவம் ஏற்கப்படாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. வேறு படிவத்துக்கு எழுதிப்போட நேரமும் இல்லை. அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுதிப் படிவத்தோடு சேர்த்தாள்: "மூலைகளில் உள்ளது மஞ்சள். என் அப்பா நல்லது நடக்க வேண்டுமென்று வைத்தது. இதனால் பலன் உண்டென்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் துடைக்க மனம் வரவில்லை."

அந்த மஞ்சளோடுதான் அது மதராஸ் போயிற்று. மதராஸில் நேர்முகம் வைத்தார்கள். போய்விட்டு வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நாலு கேள்விக்குத் தெரியாதுன்னு சொன்னனுங்க்கா. அஞ்சாவது கேள்விக்கு, அது ஏன் தெரியாதுங்கறதையும் சொன்னேன்," என்றாள். தொலைந்தது என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து, இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. கள்ளுஷாப்பு யோசனை சொன்னவர், தான் அன்றைக்கே சொன்னதாகச் சொசைட்டியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் ஏறும் அன்று ஊரே நின்றது. அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டே வருசம், அப்பறம் வந்துருவதான சாமி?" என்று நேராக அவளையே கேட்டுவிட்டாள். அவள் கண்ணைப் பாதி மூடினாள். எனக்கு உயிரே போய்விட்டது. "பஸ் கெளம்பீருச்சு, ஏறு, ஏறு!" என்று அப்பா அவளைப் பிடித்து உள்ளே தள்ளினார். டிரைவர் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாதம் ஒரு கடிதம் வரும். அப்பாவுக்கு நான்தான் ஞாயிற்றுக்கிழமை போய் வாசித்துக் காட்ட வேண்டும். அக்கம்பக்கத்தாரும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அவள் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும்? குளிர் தாங்கவில்லை, பாஷை புரியவில்லை, முதல் பரீட்சையில் தோற்றுவிட்டேன், இன்றைக்கும் அப்பாவை நினைத்து அழுதேன். இதையா ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு தகப்பனுக்கு வாசிப்பது? கடிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நான் பாட்டுக்கு எடுத்துவிடுவேன். சுகமாக இருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது, எல்லோரும் பிரியமாக இருக்கிறார்கள், இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை, இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன். கூட்டம் தலையாட்டும். அப்பா கடிதத்தை வாங்கி மடித்துத் தகரப் பெட்டியில் வைப்பார். அவருக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்ததே, நான் மாதா மாதம் கொடுத்தேன். ஊரில் என்னைப் போலக் கடிதம் வாசிக்க ஆளில்லை என்று பெயர் வேறு.

இரண்டு வருஷம் முடிந்து மூன்று மாதமும் ஆயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. எல்லோரையும் வர வேண்டாமென்று சொல்லியிருந்தார்.

"சொன்ன கெடு முடிஞ்சு போச்சு அம்மிணி," என்றார். "இனி உன்ற வார்த்தை எனக்கு வேண்டாம். அவ எழுதுனத அப்படியே படி."

கடிதத்தை மடியில் விரித்து வைத்துப் படித்தேன். "அப்பா, யோசித்துப் பார்த்துவிட்டேன். திரும்பி வருவதாக இல்லை. இங்கேயே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க முயற்சி செய்கிறேன், முடியுமென்று உறுதி சொல்ல முடியாது. உங்களை நினைத்து அழுவது இப்போது குறைந்திருக்கிறது. முதல் வருஷம் தினமும் அழுதேன். இப்போது வாரத்துக்கு ஒருமுறைதான்."

அவர் இடிந்து போவார் என்று பார்த்தேன். வரமாட்டாள் என்பது அவர் காதிலேயே விழாத மாதிரி இருந்தது.

"மொத வருசம் தெனமும் அழுதாளா?"

"ஆமாங்க பெரீப்பா."

"அப்பவே எழுதியிருந்தாளா?"

"எழுதியிருந்தாளுங்க."

"ஒரு கொறையுமில்ல, ஒரு கொறையுமில்லன்னு நீ படிக்கப் படிக்க, எம்புள்ள என்னைய மறந்துட்டாள்னு நெனச்சிட்டுக் கெடந்தேனே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். "மொதல்ல இருந்து படி."

இருபத்தேழு கடிதம் இருந்தது. அடியிலிருந்த முதல் கடிதத்தை எடுத்துப் பிரித்தேன். "அன்புள்ள அப்பாவுக்கு, வந்து சேர்ந்துவிட்டேன். சந்தோஷமாக இல்லை," என்று ஆரம்பித்திருந்தது. அதை அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகச் சத்தமாகப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ம், இன்னொருக்கா படி," என்றார்.